பிரண்டை துவையல்: நாக்கு அரிக்காம அரைக்கிற வழி

பிரண்டைன்னாலே அரிக்கும்னு ஓடுறவங்களுக்குத்தான் இது. பசி எடுக்கல, வாயு, மூட்டு வலின்னா எங்க பக்கம் மொதல்ல இதைத்தான் அரைப்பாங்க, திவசச் சமையல்லயும் பல வீட்ல இந்தத் துவையல் இருக்கும், அன்னைக்கு சாப்பிடுற சாப்பாடு செரிக்கணும்ல.

வாங்குறப்பவே பாதி வேலை முடிஞ்சிடும். நாலு பட்டையா இருக்குற தண்டுல நுனியில வர்ற இளசு மட்டும் போதும், நகத்தால கிள்ளுனா பட்டுனு உடையணும். முத்துனதுல நார்தான் மிஞ்சும்.

இப்ப முக்கியமான இடம். தண்டுக்குள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா இருக்கு, அதுதான் தோல்லயும் நாக்குலயும் குத்துது. கையில நல்லெண்ணெய் தடவாம தொடவே தொடாதீங்க, மணிக்கட்டு வரைக்கும் தடவணும். கணுவை ரெண்டு பக்கமும் நறுக்கித் தனியா எடுத்து வைங்க. அப்புறம் நாலு ஓரத்துலயும் கத்தி நுனியால லேசா கீறி இழுத்தா நார் நூல் மாதிரி உரிஞ்சு வரும், அதை உரிச்சிட்டு பொடியா நறுக்குங்க.

ஒரு கப் பிரண்டைக்கு ரெண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, 5 வரமிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, மூணு ஸ்பூன் தேங்காய்த்துருவல், பெருங்காயம், உப்பு. பருப்பு, மிளகாய், பெருங்காயத்தை வறுத்து எடுத்துட்டு, அதே சட்டியில தாராளமா நல்லெண்ணெய் ஊத்தி பிரண்டையை சின்னத் தீயில வதக்குங்க. பச்சை நிறம் முழுசா போயி பழுப்பா சுருங்கணும், லேசா பச்சை தெரிஞ்சாலும் இறக்காதீங்க, அவசரப்பட்டா நாக்கு சொல்லிடும். கடைசியா புளியையும் தேங்காயையும் போட்டு ஒரு பெரட்டு. புளியைக் குறைக்காதீங்க. ஆறுனதும் கொஞ்சமா தண்ணி விட்டு கொரகொரப்பா அரைங்க. அம்மி இருந்தா அம்மிதான், மிக்சின்னா விட்டு விட்டு ஓட்டுங்க, மையா அரைச்சா எனக்குப் புடிக்காது. நான்ஸ்டிக் வேணாம், இரும்புச் சட்டிதான் சரி. சுடு சோறு, நல்லெண்ணெய், இந்தத் துவையல், சுட்ட அப்பளம், வேற குழம்பே வேணாம்.

அப்டேட்: கை அரிக்க ஆரம்பிச்சிட்டா என்ன பண்றதுன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. சொறியாதீங்க, புளித்தண்ணியில கழுவிட்டு எண்ணெய் தடவுங்க. கண்ணுல மட்டும் கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, எலும்பு முறிஞ்சா இதைச் சாப்பிட்டா கூடிடுமான்னு கேள்வி. எலும்புக்கு நல்லதுன்னு காலங்காலமா குடுக்குறது உண்மைதான், சுளுக்குக்கு அரைச்சு உப்பு புளி சேர்த்து காய்ச்சி பத்தும் போடுவாங்க, ஆனா முறிவுன்னு சந்தேகம் வந்தா மொதல்ல எக்ஸ்ரே எடுங்க. கிட்னி கல் இருக்குறவங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க, ஆக்சலேட் சமாச்சாரம். பிரண்டை உப்புங்கறது வேற, காஞ்ச தண்டைச் சுட்டு சாம்பலைக் கரைச்சு எடுக்குறது, அதை சித்த வைத்தியர் அளவு சொல்லாம வாயில போடாதீங்க.

நறுக்கிப் போட்ட கணுவை குப்பையில போடாம தொட்டியில சொருகி வைங்க, தானா தொத்தி ஏறிடும்.