மலையக வீடுகளில் அன்டெனா மாற்றி இணைய சிக்னலை மேம்படுத்துவது எப்படி?

இலங்கையின் மலையகத்தில் வீட்டு இணையம் என்றால் பெரும்பாலும் சிம் அட்டையில் இயங்கும் 4ஜி ரவுட்டர்தான். நகரத்தை அண்டிய வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு எட்டினாலும், தோட்டங்களுக்குள் பல இடங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. இத்தகைய வீட்டில் சிக்னல் இரண்டு தனித்தனிப் பாதைகளில் பயணிக்கிறது. ஒன்று டவரிலிருந்து ரவுட்டருக்கு வருவது. மற்றது ரவுட்டரிலிருந்து உங்கள் கைத்தொலைபேசிக்குச் செல்வது. இவ்விரண்டில் எது பலவீனமானது என்று அறியாமல் அன்டெனா வாங்கினால் பணம்தான் வீணாகும்.

முதலாம் படி: பழுது எந்தப் பாதையில்?

ரவுட்டரிலிருந்து ஒன்றிரண்டு மீற்றர் தூரத்தில் நின்று இணைய வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உடனேயே வீட்டின் கடைசி அறைக்குச் சென்று மறுபடியும் அளந்து பாருங்கள். ரவுட்டருக்கு அருகிலேயே வேகம் குறைவாக இருந்தால் டவர் பாதையில் குறை இருக்கிறது; அருகில் நன்றாக இருந்து தூரத்தில் படுத்துவிட்டால் வைஃபையில் குறை இருக்கிறது. விடியற்காலையில் வேகமாகவும் இரவு எட்டு மணிக்கு மிக மெதுவாகவும் இருக்கிறது, ஆனால் கீழே சொல்லப்படும் சிக்னல் எண்கள் மாறவில்லை என்றால், அது டவரில் ஏற்படும் நெரிசல். அதற்கு அன்டெனா பெரிதாக உதவாது.

இரண்டாம் படி: எண்களைப் படித்தல்

கோடுகளை நம்பாதீர்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற முகவரி இருக்கும். அதனை உலாவியில் தட்டச்சு செய்து உள்நுழைந்தால், சாதன விபரப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP), எஸ்ஐஎன்ஆர் (SINR) என்ற இரு எண்களைக் காணலாம். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். அது எதிர்மறை எண் என்பதால் பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது: -80 மிக நல்லது, -100 பலவீனம், -110க்குக் கீழே சென்றால் இணைப்பு அடிக்கடி அறுபடும். எஸ்ஐஎன்ஆர் சிக்னலின் தெளிவைக் காட்டுகிறது. 20க்கு மேல் சிறப்பு, பூச்சியத்துக்குக் கீழே மோசம். அதே பக்கத்தில் அலைவரிசைப் பட்டையும் (Band) இருக்கும். அதையும் எழுதி வையுங்கள், அன்டெனா வாங்கும்போது தேவைப்படும்.

மூன்றாம் படி: வைஃபை பலவீனம் என்றால்

அன்டெனாக்களின் மேல் 5 டிபிஐ, 9 டிபிஐ (dBi, அன்டெனா தரும் ஆதாயத்தின் அளவு) என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எண் கூடக் கூட நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். அன்டெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. இருக்கும் சக்தியை ஒரு பக்கம் திரட்டித் தருகிறது, அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்கும் குச்சி அன்டெனாவைச் சுற்றி அலைகள் உளுந்து வடை வடிவில் பரவுகின்றன, குச்சி நிற்பது வடையின் ஓட்டையில். டிபிஐ கூடும்போது அந்த வடை தட்டையாகி, அகலம் கூடித் தடிப்புக் குறைகிறது. ஒரே மட்டத்தில் நீளும் வீட்டுக்கு அது பொருத்தம். ஆனால் சரிவில் படிப்படியாகக் கட்டப்பட்ட நம் வீடுகளில், கீழ்ப் படியில் இருக்கும் குசினியும் மேலே இருக்கும் அறையும் அந்தத் தட்டையான அலைக்கு வெளியே போய்விடுகின்றன. அத்தகைய வீட்டுக்கு 5 டிபிஐ அளவே போதுமானது. இரண்டு அன்டெனாக்கள் இருந்தால் ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைக் கிடையாகவும் வைத்துப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னர் ரவுட்டரிலுள்ள அன்டெனாவைத் திருகிக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கழன்று வந்தால், ரவுட்டர் பக்கத்து இணைப்பியை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வெளிப்புறம் மரை, நடுவில் ஊசி என்றால் அது ஆர்பி-எஸ்எம்ஏ. வெளிப்புறம் மரை, நடுவில் துளை என்றால் அது எஸ்எம்ஏ. வைஃபை அன்டெனாக்கள் பெரும்பாலும் முதல் வகை; ரவுட்டரின் பின்னால் சிறு மூடிக்குள் இருக்கும் 4ஜி துளைகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும், ஆனால் உள்ளே ஊசியும் துளையும் சந்திக்காது. கடைக்குப் போகும்போது இணைப்பியைப் படம் பிடித்துக்கொண்டு செல்வது நல்லது.

தோட்டங்களில் வரிசையாகக் கட்டப்பட்ட பழைய லயன் வீடுகளின் தடித்த கருங்கற் சுவர்கள் இரண்டு மூன்று குறுக்கே நின்றால் எந்த வைஃபை அன்டெனாவும் ஈடுகொடுக்காது. அப்போது லேன் கேபிள் இழுத்து, மறுபக்கத்தில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வைப்பதே சரியான வழி.

நான்காம் படி: டவர் பாதை பலவீனம் என்றால்

மலையகத்தில் அதிகம் காணப்படுவது இதுதான். டவருக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மலைமுகடு நிற்கும். போதாததற்குத் தலைக்கு மேல் தகரக் கூரை. தகரம் வானலையைத் தெறித்துத் திருப்பிவிடும் என்பதால், வீட்டுக்குள் அலுமாரியின் மேல் வைத்த ரவுட்டருக்கு மிச்சம் சொச்சமே கிடைக்கிறது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, நம் பிள்ளைகள் வகுப்புக்காகச் சிக்னல் தேடி மேட்டுக்கும் பாறைக்கும் ஏற வேண்டியிருந்தது. அந்த மேட்டில் கிடைத்ததில் ஒரு பகுதியையாவது வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதே வெளி அன்டெனாவின் வேலை.

ஒரு திசையை நோக்கும் அன்டெனாவையே வாங்குங்கள். நீங்கள் குறித்துவைத்த பட்டை, எடுத்துக்காட்டாக 1800 அல்லது 2300 மெகாஹேர்ட்ஸ், அதன் எல்லைக்குள் அடங்க வேண்டும். டவரோடு பேசும்போது 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு அலைத்தொடர்களைப் பயன்படுத்துவதால் இரண்டு அன்டெனாக்கள், அல்லது உள்ளே இரண்டு கொண்ட ஒரு பெட்டி தேவை. தனித்தனியானவை என்றால் ஒன்றை வலப்புறம் 45 பாகையும் மற்றதை இடப்புறம் 45 பாகையும் சாய்த்துப் பொருத்துங்கள்.

கேபிளில்தான் பெரும்பாலானோரின் பணம் கரைகிறது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசைகளில் மீற்றருக்கு ஏறத்தாழ 1 டெசிபலை (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) விழுங்கும். 9 டிபிஐ அன்டெனாவுக்கு 10 மீற்றர் ஆர்ஜி-58 இழுத்தால், அன்டெனா தந்த ஆதாயம் வீட்டுக்குள் வருமுன்பே தீர்ந்துவிடும். எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிளில் இழப்பு அதன் நான்கில் ஒரு பங்களவே. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் டீவி கேபிள் 75 ஓம், 4ஜிக்கு வேண்டியது 50 ஓம் என்பதால் அதைத் தவிருங்கள். என் பரிந்துரை வேறு: ரவுட்டரையே அன்டெனாவுக்கு அருகில், கூரையோரத்தில் நனையாத இடத்துக்கு நகர்த்தி, அன்டெனா கேபிளை இரண்டு மூன்று மீற்றருக்குள் முடித்துவிடுங்கள். அங்கிருந்து வீட்டுக்குள் வரும் லேன் கேபிள் 100 மீற்றர் வரை பழுதின்றி வேலை செய்யும்.

இணைக்கும்போது ரவுட்டரை அணைத்துவிடுங்கள். சில ரவுட்டர்களில், இயக்கிய பின் அமைப்புப் பக்கத்தில் வெளி அன்டெனாவைத் தெரிவு செய்யவும் வேண்டும். பின்னர் ஒருவர் அன்டெனா பொருத்திய இரும்புக் குழாயைத் திருப்ப, மற்றவர் உள்ளே எண்களை வாசித்துச் சொல்லட்டும். 15 பாகை அளவு திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணை எழுதி, அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள். டவர் இருக்கும் திசையோடு நிறுத்திவிடாமல் முழு வட்டமும் சுற்றுங்கள். முகடு மறைக்கும் இடங்களில், எதிர்மலையில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் நேர்த் திசையைவிடப் பலமாக இருப்பதுண்டு. ஆர்எஸ்ஆர்பி சற்றுக் குறைந்தாலும் எஸ்ஐஎன்ஆர் உயரும் திசையையே நான் தேர்ந்தெடுப்பேன். 6 டெசிபல் கூடினாலே கிடைக்கும் சக்தி நான்கு மடங்காகிறது.

ஐந்தாம் படி: மழையும் இடியும்

பனிமூட்டம் இறங்கினால் இணையம் போய்விடும் என்ற பேச்சு எங்கும் உண்டு. மூடுபனியின் துளிகள் மிகச் சிறியவை என்பதால் 4ஜி அலைகளை அவை தடுப்பதில்லை. உண்மையில் தடுப்பவை நனைந்த இலைகளும், இணைப்பிக்குள் புகுந்த நீரும்தான். ஆகவே யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் அன்டெனாவை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு இணைப்பியையும் தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கும் வளைவாக விடுங்கள். நீர் அங்கே சொட்டிவிடும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை இங்கே வழக்கம். இரும்புக் குழாயைத் தடித்த செப்புக் கம்பியால் புவியுடன் இணையுங்கள். புவித்தொடுப்பு உங்களுக்குப் புதிது என்றால் மின்னியலாளர் ஒருவரை அழையுங்கள். வானம் கறுத்து இடிமழைக்கான அறிகுறி தெரிந்ததுமே, இடி கேட்பதற்கு முன்பே, ரவுட்டரின் மின்செருகியையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தொடங்கிய பின் அன்டெனா கேபிளைத் தொடவே கூடாது. பலத்த காற்றுக்குப் பிறகு எண்களை மீண்டும் பார்த்து, முன்னர் எழுதியவற்றிலிருந்து சரிந்திருந்தால், குழாயின் பிடிகளை இறுக்கித் திசையைச் சரிசெய்யுங்கள்.