டாப்பெட் இல்லை, மேனிஃபோல்டு

என்னிடம் இருப்பது 1997 மாடல் பெட்ரோல் கார், கார்புரேட்டர் வண்டி. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் பாதி அடங்கிவிடும். ஒர்க்‌ஷாப்பில் டாப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம் என்று சொல்லி வால்வு இடைவெளியைச் சரிசெய்தார்கள். சத்தம் போகவில்லை.

முதலில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். எந்தச் சத்தத்துக்கும் இதுதான் முதல் வேலை. ஆயில் சரியாக இருந்தது. அப்புறம் ஒரு ரப்பர் குழாயைக் காதருகே பிடித்து, மறுமுனையை எஞ்சினைச் சுற்றி நகர்த்தினேன் (ஃபேன் பெல்ட் பக்கம் போகவே கூடாது). வால்வு கவர் மேல் சத்தம் மங்கல். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) பக்கம் போனதும் காதில் அறைந்தது.

உறுதிசெய்ய, எஞ்சினை நிறுத்தி பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்பேர் பிளக்கில் மாட்டி எர்த் கொடுத்து, அந்தச் சிலிண்டரில் தீப்பொறி இல்லாமல் ஓடவிட்டேன். நான்காவது சிலிண்டரின் வயரைக் கழற்றியபோது டிக் சத்தம் காணோம். டாப்பெட்டாக இருந்தால் தீப்பொறி இல்லாவிட்டாலும் தட்டிக்கொண்டுதான் இருக்கும். பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) சத்தமும் இப்படிக் குறையும், ஆனால் அது கனத்த ‘டொக் டொக்’. மேடேறும்போது இன்னும் மோசமாகும்.

டார்ச் அடித்தால் மேனிஃபோல்டு ஓரத்தில் புகை கசிந்த கரித் தடம், அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஒரு ஸ்டட் (திருகுக் கம்பி) முறிந்திருந்தது. சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கை அடைத்ததால்தான் ஓட ஓடச் சத்தம் குறைந்திருக்கிறது. ஸ்டட்டை எடுப்பதுதான் பெரும்பாடு. துருவுக்கு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தோம். மறுநாள் பட்டறைக்காரர் முறிந்த முனையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுத்தார். இடுக்கில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நட்டுகளை முறுக்கினோம். வண்டி சூடேறி ஆறியதும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். இரண்டு நட்டு இன்னும் கொஞ்சம் இறங்கியது.