பழைய பிரிட்டிஷ் பைக் டேங்கா? கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

பழைய பிஎஸ்ஏ, ட்ரையம்ப் டேங்க் விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது பேட்ஜையும் பெயின்ட்டையும்தான். நான் அவை இரண்டையும் நம்புவதில்லை. எந்த பேட்ஜையும் எந்த டேங்கிலும் மாட்டிவிடலாம். வேலூர் சத்துவாச்சாரியில் என் டிங்கரிங் கடைக்கு டேங்கோடு வருகிறவர்களிடம் முதலில் சொல்வதே, "கவிழ்த்து வைங்க சார்" என்பதுதான். டேங்கின் ஜாதகம் அடியில்தான் இருக்கிறது.

1954-ல் ஸ்விங் ஆர்ம் சேஸியோடு (பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையும் கை தாங்கும் சட்டம்) வந்த பிஎஸ்ஏ ஏ7, ஏ10 மாடல்களின் டேங்கை நடுவில் ஒரே ஒரு நீள போல்ட் பிடித்திருக்கும். மேலிருந்து அடிவரை டேங்கைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் போகும். போல்ட் அதற்குள் இறங்கும். மேல்வாயை ஒரு மூடி மறைத்திருக்கும். அந்த மூடியைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். குழாயைப் பற்றவைத்த இரண்டு முனையிலும்தான் கசிவு வரும். பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் (குழாய்) மாட்டும் ஓட்டைகளை அடைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, பற்று ஓரமெல்லாம் சாக்பீஸ் தூளைத் தடவி ஒரு ராத்திரி வையுங்கள். முடி அளவு விரிசல் இருந்தாலும் காலையில் வெள்ளைத் தூளில் ஈரக்கோடு தெரியும்.

ட்ரையம்ப்பில் போல்ட் எல்லாம் அடியில்தான். 1948 வரை பல மாடல்களில் மீட்டர் பேனல் டேங்க் மேலேயே உட்கார்ந்திருந்தது. 1949-ல் நாசெல் என்ற ஹெட்லைட் உறை வந்து மீட்டர் ஹெட்லைட் பக்கம் போனதும், டேங்க் மேல் சாமான் வைக்கும் கம்பிச்சட்டம் வந்தது. அதற்கான நான்கு மரை ஓட்டைகளைப் பலர் புட்டி போட்டு மூடிவிடுகிறார்கள். சின்ன காந்தத்தை டேங்கின் மேற்பரப்பில் நகர்த்துங்கள். புட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் பிடி விட்டுவிடும். காந்தம் இல்லாமல் நான் பழைய டேங்க் பார்க்கப் போவதே இல்லை.

அப்புறம் டேப் மரை. இந்த வண்டிகளில் பெரும்பாலும் கால் இன்ச் பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் பைப் மரை அளவு. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) பிரஷர் கேஜ் சாமான் விற்கும் ஹார்டுவேர் கடையில் அதே அளவு நிப்பிள் (மரை போட்ட குட்டிக் குழாய்) கிடைக்கும். கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏற வேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினால் யாரோ மரையைக் கெடுத்திருக்கிறார்கள்.

1958-ல் வந்த ஏரியல் லீடரில் டேங்க் மாதிரி தெரிவது சாமான் பெட்டிதான். உண்மையான பெட்ரோல் டேங்க் சேஸிப் பெட்டிக்குள் இருக்கிறது, ஊற்றும் வாய் சீட்டுக்கு அடியில். நார்ட்டன் கமாண்டோவில் ஃபைபர் டேங்கும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஃபைபரைப் பிடித்திருக்கும் பழைய ரெசினை (பிசினை) இளக்கிவிடும். ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இரும்பு டேங்கைத் தேடுங்கள்.

கடைசியாக, கசிவைப் பற்றவைத்து அடைப்பது. காலி டேங்க் என்று எண்ண வேண்டாம். உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, பற்றும் இடம் மட்டும் வெளியே இருக்கும்படி தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்த பிறகே நான் கேஸ் வெல்டிங் தீயை மூட்டுவேன். வேறு யாரிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று இதைச் செய்ய வையுங்கள்.