மறதி மட்டும்தான் அறிகுறியா? மூளை, மன நோய்களில் வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அப்பாவுக்கு மறதியே கிடையாது. சின்ன வயசுக் கதையெல்லாம் அப்படியே சொல்றாரே!” இந்தப் பேச்சாலேயே பல வீடுகளில் சிகிச்சை தள்ளிப்போகிறது. பக்கவாதம், பார்க்கின்சன், வலிப்பு, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு என்று எதில் வேண்டுமானாலும் மூளையின் வேலைத்திறன் குறையலாம். அது மறதியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. கவனம் நிற்காது, யோசனை மெதுவாகும், ஒரு வேலையை வரிசையாகச் செய்து முடிக்க முடியாது, பணத்தில் முடிவெடுக்கத் தெரியாது. மறதி வரட்டும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் வருடக்கணக்காக ரப்பர் பால் வெட்டியவர் ஒருவருக்குச் சிறு பக்கவாதம் வந்து தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கத்தியைப் பிடித்தால் பட்டை இப்போதும் அளவாகத்தான் இறங்கும். கை பழகிய வேலை அது. சிக்கல் பாலை எடுத்து வந்த பிறகுதான். அரிக்க வேண்டும், தண்ணீர் சேர்க்க வேண்டும், டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலக்க வேண்டும், உறைந்ததும் மெஷினில் கொடுத்து ஷீட்டாக்க வேண்டும். ஒரு நாள் ஆசிட்டை இரண்டு முறை ஊற்றுகிறார், மறுநாள் ஊற்றவே இல்லை. வீட்டில் ஏச்சு விழுகிறது. கைப்பழக்கத்தை மூளையின் ஒரு பகுதி பார்த்துக்கொள்கிறது, வேலையை வரிசைப்படுத்துவதை வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று கெட்டாலும் மற்றது கெடாமல் இருக்கும். ஆகவே எந்த வேலையில், எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறார், அது எப்போது தொடங்கியது என்று கவனியுங்கள். டாக்டருக்கு மிகவும் உதவும் தகவல் அதுதான்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. பிள்ளைகள் வளைகுடாவில், தாயார் ஊரில். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோ காலில் பத்து நிமிடம் பேசுகிறார்கள். “சாப்பிட்டியா மக்களே, பிள்ளைகள் சுகமா?” என்று அம்மா அழகாக விசாரிக்கிறார். பழகிய நலம் விசாரிப்பு, மூளையின் திறன் படிப்படியாகக் குறையும் டிமென்ஷியாவிலும் வெகுநாள் கெடாமல் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை வைத்து, கூடவே இருக்கும் மருமகள் சொல்வதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கூட இருப்பவர் சொல்வதைத்தான் முதலில் நம்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மாதக் கடைசியில் பத்து மாத்திரை மிஞ்சியிருந்தால் அது ஒரு பதில்.

நேற்று வரை நன்றாக இருந்தவர்

இரண்டு நாளில் ஒருவர் ஆள் மாறிப்போனால் அதற்கு வயது காரணமாகாது. டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. திடீரென வரும் குழப்பத்துக்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். காலையில் தெளிவாகப் பேசுவார், மாலையில் மகனையே யாரென்று கேட்பார், இல்லாத ஆட்களோடு பேசுவார். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் உப்பு குறைவது, நீர் வற்றுவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் பல. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் இருப்பதுண்டு. கத்திக் கலாட்டா செய்பவரையாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். சத்தமில்லாமல் தூங்கி வழிபவரை “ஓய்வெடுக்கிறார்” என்று விட்டுவிடுவதுதான் அதிக ஆபத்து.

கோவிலுக்கோ சபைக்கோ தர்காவுக்கோ போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உளறினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிமிடக் கணக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் அது. வாய் கோணி, ஒரு பக்கக் கை தளர்ந்து, பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இன்னொன்று, குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடிபட்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள். சில வாரம் கழித்து நடை தளரும், பேச்சு மந்தமாகும். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம், அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு. ஒரு சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் டிமென்ஷியா போலத் தோற்றம் காட்டும். இவற்றைப் பார்க்காமல் டிமென்ஷியா என்று முடிவு கட்டக் கூடாது.

மாத்திரைப் பை

தூக்கத்துக்கு அல்பிரசோலம், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், சளிக்குக் கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் வாங்கியது. மூன்றும் சேர்ந்தால் வயதான மூளை மந்தமாகும். மனநோய் மருந்தால் வரும் கை நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கொடுக்கும் ட்ரைஹெக்சிபெனிடிலும் நினைவாற்றலைக் குறைக்கக்கூடியது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வேறு தொல்லை வரும். எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய், “இதில் எது இன்னும் தேவை?” என்று கேளுங்கள். சீட்டை மட்டும் கொண்டு போனால் போதாது, கடையில் வாங்கியது சீட்டில் இருக்காது.

“காதுல கேட்ட குரல் நின்னுட்டு, அப்புறம் ஏன் சும்மா இருக்கான்?”

இந்தக் கேள்விக்குத்தான் நம் வீடுகளில் மிக மோசமான பதில் கிடைக்கிறது. சோம்பேறி என்பார்கள், இல்லாவிட்டால் மாத்திரை போட்டு மழுங்கிவிட்டான் என்பார்கள். ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவில் கவனம், யோசிக்கும் வேகம், ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது ஆகிய திறன்கள் நோயாலேயே குறைகின்றன. பலருக்குக் காதில் குரல் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே இது ஆரம்பித்திருக்கும். பிளஸ் டூவில் மார்க் சரிந்ததை அப்போது காதல் தோல்வி என்று நினைத்திருப்பார்கள். குரலையும் சந்தேகத்தையும் மருந்து அடக்கும், இந்தக் குறையை அவ்வளவாகச் சரிசெய்யாது. மருந்தால் மந்தம் வருவதும் உண்டுதான். அதற்கு அளவையோ மருந்தையோ டாக்டர் மாற்றுவார். வீட்டில் நிறுத்தினால் நோய் திரும்பும், திரும்பும்போது கூடுதலாக இழப்பதும் நடக்கும்.

“வடசேரி சந்தையில காய் வாங்கி, வர்ற வழியில கரண்ட் பில் கட்டி, மாமா வீட்டுல சொல்லிட்டு, மறக்காம தம்பிக்குப் பேனா வாங்கிட்டு வா.” ஒரே மூச்சில் நான்கு வேலை. அவன் காயோடு திரும்பி வருவான், திட்டு வாங்குவான், அடுத்த முறை போகவே மாட்டான். ஒன்று ஒன்றாகச் சொல்லுங்கள். துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள், முடித்ததை அவனே அடித்துக்கொள்ளட்டும். கவனத்தையும் திட்டமிடலையும் படிப்படியாகப் பழக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. வேலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும். மனநலப் பிரிவில் இதைக் கேட்டு வாங்குங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

வீட்டுப் பரீட்சை, ஆஸ்பத்திரிப் பரீட்சை

“பாட்டா, இன்னைக்கு என்ன கிழமை? இது யாருண்ணு சொல்லுங்க பாப்போம்” என்று விருந்தாளி முன்னால் பரீட்சை வைப்பதை விட்டுவிடுங்கள். “எனக்குத் தெரியும்லா” என்று சமாளிப்பார், பிறகு கோபப்படுவார், அப்புறம் ஆள் வந்தாலே உள்ளே போய்விடுவார். கேள்வி கேட்டு நினைவு வளராது.

ஆஸ்பத்திரியில் வைக்கும் 30 மதிப்பெண் சோதனைகளிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். படிப்பைப் பொறுத்து மதிப்பெண் ஏறி இறங்கும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டம். இங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 28 வாங்கினாலும் அவருடைய பழைய திறமைக்கு அது சரிவாக இருக்கலாம். பள்ளிக்கே போகாத கடற்கரைப் பாட்டி 20 வாங்கினாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். தேதி சொல்லத் தெரியாத அவரிடம் கொளச்சல் பக்கம் மீன்பிடித் தடை தொடங்கிவிட்டதா என்று கேட்டால் சட்டென்று பதில் வரும்.

மொழியும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. அந்தக் காலத்தில் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டிருக்கிறார்கள். அவர்களைத் தமிழில் வாசிக்க, எழுதச் சொன்னால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். அதே போல, கண்ணாடியும் காது மெஷினும் இல்லாமல் சோதனைக்கு உட்கார வைக்காதீர்கள். எத்தனை வகுப்பு, எந்த மொழி, என்ன வேலை பார்த்தவர் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மதிப்பெண் தாளின் நகல் கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஆறு மாதம் கழித்து அதே மொழியில் அதே சோதனையை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.