ட்ராக் டேக்கு முன் காரில் முதலில் எதை மாற்றுவது?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது எக்ஸாஸ்ட்டில், அடுத்து இன்ஜின் ட்யூனிங்கில். ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்குத் தயாராகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. முதல் செலவு பிரேக்குக்குத்தான். வேகம் இரு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அத்தனையும் வெப்பமாக, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடிலும் இறங்கும். சாலையில் அப்படி மிதிப்பது எப்போதாவது. ட்ராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை.

ஆகவே பிரேக் ஆயிலில் தொடங்குங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. டாட் 5.1 என்றால் புதிதில் குறைந்தது 260 டிகிரி. டாட் 5 என்பது சிலிகான். பெயரைப் பார்த்து ஏமாந்து இவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் காலிப்பரில் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) உள்ள நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகைத் திறக்க வேண்டும். ட்யூப் வழியாகப் பழைய ஆயில் பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். குமிழி இல்லாமல், புது ஆயிலின் தெளிந்த நிறம் வரும்வரை தொடருங்கள். நடுவில் மேலே உள்ள டேங்க் காலியாகவே கூடாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காரின் கையேட்டில் இருக்கும். முதல் தடவை என்றால் ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம் பேட். ட்ராக்குக்கான பேட் சூட்டில் நன்றாகப் பிடிக்கும். ஆறியிருக்கும்போது பிடிப்பு குறைவு, சத்தமும் வரும். அன்றாடம் ஓட்டும் காருக்கு இரண்டுக்கும் நடுவிலான பேடே போதும். பாதி தேய்ந்த பேடோடு ட்ராக்குக்குப் போகாதீர்கள்.

டயரை உடனே மாற்ற வேண்டாம், காற்றை மட்டும் கவனியுங்கள். சூடானால் அழுத்தம் ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏறிவிடும். டயரின் தோள் பகுதியில், அதாவது தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரத்தில், சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. தோளில் அழியாமலே நின்றால் அதிகம். ட்ராக்கிலிருந்து திரும்பியதும், டயர் ஆறுவதற்குள் அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள்.

இன்ஜின் ஆயில் அளவு, வீல் நட் இறுக்கம், காருக்குள் உருளும் பொருட்கள், ஹெல்மெட் எல்லாவற்றையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸ் ட்ராக்கில் செல்லுமா என்றும் படியுங்கள்; பல பாலிசிகளில் செல்லாது.

அன்று காலை நடக்கும் விளக்கக் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். மஞ்சள் கொடி என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. முதல் சுற்று டயரும் பிரேக்கும் சூடேறுவதற்கு. அதன்பின் நேர்க்கோட்டிலேயே பிரேக்கை முடித்துவிட்டு வளைவுக்குள் திரும்பப் பழகுங்கள். வேகம் தானாக வரும். நான் கெஞ்சிக் கேட்பது, பயிற்றுநர் கிடைத்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த பார்ட்ஸும் அவர் சொல்லித் தருவதற்கு ஈடாகாது.

கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் காரை ஆற விடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூட்டில் இருக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டே நிற்கக் கூடாது. நன்றாக ஆறியபின் வீல் நட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரிபாருங்கள். புறப்படும் முன் பேடையும் டயரையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். வீட்டுக்கும் அதே காரில்தானே போக வேண்டும்.