பார்சனேஜ் சாவியைக் கொடுப்பதற்கு முன்

கேஸ் புக், ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக். களியக்காவிளையில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் நாலையும் விரித்து வைத்துப் பார்த்தேன். நாலிலும் ஒரே முகவரி. நான் இனி போக முடியாத பார்சனேஜ், போதகர் குடும்பத்துக்குச் சபை கொடுக்கும் வீடு.

போதகரைக் கல்யாணம் செய்த பெண்ணுக்குப் பிரிவு வந்தால், புருஷன் போகிற அன்றைக்கே வீடு போகும், சபை போகும், ஞாயிறு பள்ளி போகும். இருபத்தொரு வருடம் தமிழ்நாடு - கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் என்னை ‘ஐயரம்மா’ என்றார்கள், அந்தப் பக்கம் ‘கொச்சம்மா’ என்றார்கள். இரண்டுமே அவருடைய வேலையோடு ஒட்டிய பெயர்கள். என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் வந்து வழி கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் எடுக்க வேண்டியவை: உங்களுக்கு ஓலை வாசித்து (ஆராதனையில் கல்யாண அறிவிப்புச் சொல்லி) கல்யாணம் நடந்த சபையின் மணப்பதிவேட்டு நகல், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றும் பிறப்புச் சான்றும், அவருடைய சம்பளச் சீட்டு ஒன்றாவது. சம்பளச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். போதகர் சம்பளம் காகிதத்தில் சின்னதாகத்தான் இருக்கும். வாடகையில்லாத வீடு, கரண்ட் பில், பயணப்படி எல்லாம் தனி. ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் கோர்ட்டில் உதவும். மனைவியோ கணவனோ ஜீவனாம்ச வழக்கு நடத்தினால் இரண்டு பேரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சொல்லிவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம், இதில்தான் நான் கிட்டத்தட்ட மாட்டினேன். சமாதானம் பேச வந்த பெரியவர்கள் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். ‘நாங்கள் இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்கிறோம்’ என்று ஒரு வரி. “சபைக்குக் கெட்ட பெயர் வேண்டாம் மக்ளே, இதுல ஒரு ஒப்பு மட்டும் போடு” என்றார் ஒருவர். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது, நாளைக்குப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். மறுநாள் வக்கீல் அம்மா அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். சம்மதத்தோடு தனித்தனியாக வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்திலேயே ஒரு உட்பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலும் இருக்கிறது. முறையாக விவாகரத்தே ஆகிவிட்டால் கதை வேறு. மறுமணம் செய்யாத வரையில் விவாகரத்தான பெண்ணும் இந்தப் பிரிவில் மனைவிதான். இரண்டு பேரும் சேர்ந்து விவாகரத்து மனு போடுவதானால் மாதத் தொகையை மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

சரி, உதவி கேட்கத்தானே வந்தோம், கோர்ட்டு எதற்கு என்பீர்கள். தர்மப் பணம் கொடுக்கிறவர்களும் முதலில் கேட்பது இதைத்தான்: “அவரிடம் கேட்டீர்களா?” மனு எண் ஒன்று கையில் இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டதால் கேரளத்து நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம். 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் அவர் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை அறுபது நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உத்தரவு வந்த பிறகு அவர் பணம் தராமல் இழுத்தால் ஒரு வருடத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். அதைத் தாண்டினால் அந்தப் பாக்கியை இதே வழியில் வசூலிக்க முடியாது. பார்சனேஜ் சபையின் சொத்து, அதில் உட்கார்ந்துகொண்டு வழக்காடுவது கஷ்டம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாற்று வீடு, இல்லை வாடகை என்று கேட்க இடமிருக்கிறது. அடி உதை இருந்தது என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள், சபையின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி சபைப் பணம். இதற்கென்று எழுதிய விதி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை, கேட்டால்தான் உண்டு. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் போனில் ஒரு நாள் சொன்னாள்: அங்கே ஆங்கிலிக்கன் குருமார் குடும்பங்களுக்காகவே 1655-இல் லண்டனில் தொடங்கிய ஒரு அறக்கட்டளை, இப்போது கிளர்ஜி சப்போர்ட் டிரஸ்ட் என்ற பெயரில் நடக்கிறதாம். பிரிந்த மனைவிமாரும் விவாகரத்தானவர்களும் அதில் உதவி கேட்டு மனுக் கொடுக்கலாம். புரோக்கன் ரைட்ஸ் என்று 1983-இல் அப்படிப்பட்டவர்களே கூடி ஒரு சங்கமும் தொடங்கினார்கள். அந்த டிரஸ்ட் பணம் நம் ஊருக்கு வராது. ஆனாலும் என் மனுவில் அதை ஒரு வரி எழுதினேன். ‘இது எங்கேயும் இல்லாத வழக்கம்’ என்று சொல்லவிருந்த வாய் மூடிக்கொண்டது.

யாரிடம் கேட்பது? சேகரக் கமிட்டியிடம் (போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழுவிடம்) கேட்காதீர்கள், உங்கள் கணவர் உட்காரும் நாற்காலி அங்கேதான் இருக்கிறது. பேராயருக்கு நேராக, பதிவுத் தபாலில் எழுதுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு நகல். நீங்கள் பிறந்து வளர்ந்த சபைக்கு ஒன்று. பலருக்கும் வெட்கமாக இருக்கும், எனக்கு முதல் பணம் வந்தது அங்கிருந்துதான்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான் முதலில் எழுதியது ஆறு பக்கம், முழுக்கக் கண்ணீர். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘இருபத்தொரு வருடம் ஐந்து சபைகளில் ஞாயிறு பள்ளியும் பெண்கள் சங்கமும் சம்பளமில்லாமல் நடத்தினேன். இப்போது வீட்டு வாடகை 4,500. மகளின் கல்லூரிக் கட்டணம் இந்தப் பருவத்துக்கு 22,000, ரசீது இணைப்பு. ஜீவனாம்ச மனு நிலுவையில் உள்ளது. கல்லூரிக் கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கும், ஆறு மாத வாடகையை என் கணக்குக்கும் தந்து உதவக் கேட்கிறேன்.’ கல்லூரிப் பணம் வந்தது, வாடகை வரவில்லை. இனம் பிரித்துக் கேட்டதால் பாதியாவது கிடைத்தது. ரசீதோடு வரும் செலவுக்குக் கமிட்டிக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ‘ஏதாவது உதவி’ என்று கேட்டால் அரிசி மூட்டை வரும்.

பணத்தோடு நிபந்தனை வந்தால் வாங்காதீர்கள். வழக்கை வாபஸ் வாங்கு, சாட்சி சொல்லி ஒப்புரவாகு என்பார்கள். தர்மம் தர்மம், வழக்கு வழக்கு.

அரசாங்க உதவிக்கு முகவரிதான் திறவுகோல். முதலில் எந்த மாநிலம் என்று முடிவு செய்யுங்கள். களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே பஸ்ஸில் பத்து நிமிடம்கூட ஆகாது, கார்டு மாற்ற எனக்கு மூன்று மாதம் ஆனது. கேரள ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக என் பெயரே இருந்தது ஒரு வசதி, யார் கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. அங்கே பெயர் நீக்கி, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் எடுத்த வாடகை வீட்டின் ஒப்பந்தத்தைக் காட்டி, தமிழ்நாட்டுக் கார்டு வாங்கினேன். அதன் பிறகு இ-சேவையில் கைவிடப்பட்ட பெண் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். விசாரிக்க வருகிறவர்களிடம் அக்கம்பக்கத்தார் சொல்ல வேண்டியிருக்கும், முன்கூட்டியே பேசிவையுங்கள். கைவிடப்பட்டோர் ஓய்வூதியம், விவாகரத்தானவர்களுக்கும் ஐந்து வருடமாவது கைவிடப்பட்டவர்களுக்கும் உண்டு. மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000, அதற்குக் குடும்ப வருமானம் வருடம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் தருகிறார்கள், நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு நாற்பத்தாறு. பரவாயில்லை, பாட்டியின் பழைய மிஷின் இருந்தது. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் ஐயரின் மனைவி தொடங்கிவைத்த லேஸ் வேலை எங்கள் வீட்டில் பாட்டி வரைக்கும் வந்திருந்தது. ஐயரம்மாமாரின் கைவேலைக்கு அவ்வளவு பழைய கணக்கு இருக்கிறது.

கேரளப் பக்கமே தங்குகிறவர்கள் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து ‘சரண்யா’ என்று கேளுங்கள். விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் சுயதொழில் தொடங்க 50,000 வரை வட்டியில்லாக் கடன், பாதி மானியம்.

இன்னொன்று. மாற்றல் லிஸ்ட் வந்தால் அவர் வேறு பார்சனேஜுக்குப் போய்விடுவார், நோட்டீஸ் ‘இந்த விலாசத்தில் இல்லை’ என்று திரும்பி வரும். எனக்கு இரண்டு வாய்தா இப்படியே போனது. மனுவில் அவர் முகவரிக்குக் கீழே, அவருக்குச் சம்பளம் போடும் அலுவலகத்தின் முகவரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.