பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடமா?
அமெரிக்காவில் பள்ளியில் படித்துக்கொண்டே 'டூயல் என்ரோல்மென்ட்' மூலம் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டு அரசுக் கல்லூரி) பாடம் எடுக்கலாம். பல இடங்களில் கட்டணம் குறைவு, சில இடங்களில் இலவசம். அதை மட்டும் பார்த்துப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். அங்கே வாங்கும் சி கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) அப்படியே நிற்கும். பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பங்களைக் கையாளும் ஏஎம்சிஏஎஸ் என்ற பொது அமைப்பு அதையும் ஜிபிஏ (சராசரி கிரேடு) கணக்கில் சேர்க்கும். பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபியின் மதிப்பெண் போல வேண்டாமென்றால் அனுப்பாமல் விடுகிற வசதியெல்லாம் இதில் இல்லை.

அப்புறம், இப்படி முடித்த பாடத்துக்கான கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளி) பின்னால் சேரும் பல்கலையில் செல்லுமா? அதே மாநில அரசுப் பல்கலை என்றால் பெரும்பாலும் செல்லும். பெரிய தனியார் பல்கலைகள் கைவிரிப்பது சகஜம். கலிஃபோர்னியாக்காரர்கள் அசிஸ்ட் இணையதளத்தில் கல்லூரியையும் பல்கலையையும் தேர்ந்தெடுத்து, எந்தப் பாடம் செல்லும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கோடை வகுப்பு சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு செமஸ்டர் பாடத்தை ஆறெட்டு வாரத்தில் ஓட்டிவிடுவார்கள்.